புதுசா, பழசா? ஒட்டுண்ணித் தொற்றின் வயதை ரத்தம் எப்படிச் சொல்கிறது

பாம்பன் பக்கத்திலிருந்து இரண்டு பெண்கள் ஒரு நாள் காலையில் எங்கள் லேபுக்கு வந்தார்கள். ஒருவர் முதல் பிள்ளை உண்டாகி 9 வாரம் ஆனவர். கூட வந்தவர் அவருடைய அண்ணன் மனைவி. வேறொரு இடத்தில் எடுத்த டார்ச் பரிசோதனை ரிப்போர்ட் கையில் இருந்தது. கருவைப் பாதிக்கக்கூடிய சில தொற்றுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை அது. டாக்சோபிளாஸ்மா என்ற வரிக்கு எதிரே ஐஜிஜி பாசிட்டிவ், ஐஜிஎம் பாசிட்டிவ் என்று இரண்டும் தடித்த எழுத்தில் அச்சாகியிருந்தன. கர்ப்பிணிப் பெண் பேசவே இல்லை. மதினிதான் கேட்டார்: "அக்கா, பிள்ளைக்குக் கண்ணு தெரியாமப் போயிரும், இப்பவே கலைச்சுருங்கன்னு சொல்றாக. நெசமா?"

இந்தக் கேள்வியோடு வருகிறவர்களை நான் அடிக்கடி பார்க்கிறேன். அந்த ரிப்போர்ட்டில் இருந்த இரண்டு பாசிட்டிவ்களை மட்டும் வைத்துக்கொண்டு யாராலும் அப்படி ஒரு முடிவுக்கு வர முடியாது. ஏன் முடியாது, பிறகு எதைப் பார்த்துத்தான் முடிவு செய்வது என்பதைக் கொஞ்சம் பொறுமையாகச் சொல்கிறேன். இதைப் புரிந்துகொள்ள அறிவியல் படித்திருக்க வேண்டியதில்லை.

டாக்சோபிளாஸ்மா என்பது ஒரே ஒரு செல்லால் ஆன ஒட்டுண்ணி. 1908-இல் துனிசியாவில் ஒரு கொறிவிலங்கின் உடலிலும், அதே ஆண்டு பிரேசிலில் ஒரு முயலிலும் இதைக் கண்டார்கள். பூனைக்கும் இதற்கும் உள்ள உறவு தெரியவர அதற்குப் பிறகு ஏறக்குறைய 60 ஆண்டுகள் ஆயின. பூனை இனத்தின் குடலில் மட்டும்தான் இது முட்டை போன்ற உறைக்கருக்களை உண்டாக்கும். முதன்முதலாகத் தொற்றிய பூனை ஒன்று முதல் மூன்று வாரம் வரை லட்சக்கணக்கில் அவற்றை மலத்தோடு வெளியேற்றும். வெளியே வந்த உடனே அவை தொற்றாது. மண்ணில் கிடந்து பக்குவப்பட ஒன்று முதல் ஐந்து நாள் பிடிக்கும். அதற்கப்புறம் ஈரமண்ணில் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும்.

நம் கரையில் பூனை இல்லாத மீன் இறங்குதளம் உண்டா? ஏலக்கூடத்தைச் சுற்றி, கருவாடு காயும் மணலில், படகு ஏற்றி வைத்திருக்கும் நிழலில் என்று எங்கும் பூனைதான். ஆனால் மீன் குடலைத் தின்று பூனைக்கு இந்த ஒட்டுண்ணி வருவதில்லை. எலியையும் குருவியையும் பிடித்துத் தின்னும்போதுதான் பெரும்பாலும் வருகிறது. மனிதருக்கு மண் பட்ட கையாலும், கழுவாத கீரையாலும், காய்ச்சாத தண்ணீராலும், சரியாக வேகாத கறியாலும் வரும். ஆரோக்கியமான ஒருவருக்கு இது வந்தால் இரண்டு நாள் லேசான காய்ச்சல், கழுத்தில் நெறிகட்டு, அவ்வளவுதான். பலருக்கு அதுகூட இருக்காது. பிறகு ஒட்டுண்ணி தசையிலும் மூளையிலும் சின்னச் சின்னக் கட்டிகளாக அடங்கி, ஆயுள் முழுக்க சும்மா கிடக்கும்.

ஆகவே யாருக்கு எப்போது தொற்றியது என்று அவருக்கே தெரியாது. கர்ப்பிணிக்கோ அந்த 'எப்போது'தான் எல்லாம். கர்ப்பத்துக்குப் பல மாதங்களுக்கு முன்பே தொற்றியிருந்தால், தாயின் எதிர்ப்புசக்தி சரியாக இருக்கும்வரை குழந்தைக்கு அனேகமாக எந்த ஆபத்தும் இல்லை. கர்ப்ப காலத்தில் முதன்முதலாகத் தொற்றினால்தான் அது நஞ்சுக்கொடி வழியாகக் குழந்தைக்குப் போகக்கூடும். அப்போதும் எல்லாக் குழந்தைக்கும் போவதில்லை. முதல் மூன்று மாதத்தில் தொற்றினால் குழந்தைக்குப் போகும் வாய்ப்பு சுமார் 100-க்கு 10, 15 என்ற அளவில்தான். ஆனால் போனால் கண், மூளை என்று பாதிப்பு கடுமையாக இருக்கும். கடைசி மாதங்களில் தொற்றினால் வாய்ப்பு 60-க்கும் மேலே ஏறும். பாதிப்பின் கடுமை குறையும். அதனால் தேதி தெரியாமல் பயப்படுவதும் தவறு, தேதி தெரியாமல் தைரியம் சொல்வதும் தவறு.

சரி, ரத்தத்திடம் தேதி கேட்பது எப்படி?

உடலுக்குள் அந்நியக் கிருமி நுழைந்தால் நம் வெள்ளை அணுக்கள் அதன் மேல் போய் ஒட்டிக்கொள்ளும் புரதங்களைச் செய்யும். எதிர்ப்பொருள் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். லேபில் ஆன்டிபாடி என்போம். இதில் முதலில் வருவது ஐஜிஎம். டாக்சோபிளாஸ்மா தொற்றி ஏறக்குறைய ஒரு வாரத்தில் தலைகாட்டும், ஒன்று முதல் மூன்று மாதத்துக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு இறங்கும். அடுத்து வருவது ஐஜிஜி. ஒன்றிரண்டு வாரத்தில் தொடங்கி, இரண்டு மாத வாக்கில் உச்சத்துக்கு ஏறி, கொஞ்சம் இறங்கி, பிறகு ஆயுளுக்கும் ரத்தத்தில் நிற்கும்.

இதைக் கேட்டதும் கணக்கு சுலபம் போலத் தெரியும். ஐஜிஎம் இருந்தால் புதுத் தொற்று, ஐஜிஜி மட்டும் இருந்தால் பழைய தொற்று. பல ரிப்போர்ட்டுகளின் அடியிலும் இப்படித்தான் ஒரு வரி அச்சாகி வருகிறது. அதில் பாதிதான் சரி. ஐஜிஜி மட்டும் பாசிட்டிவ், ஐஜிஎம் நெகட்டிவ் என்றால், அதுவும் கர்ப்பத்தின் முதல் பாதியில் எடுத்த ரத்தமென்றால், பழைய தொற்று என்று நிம்மதியாக இருக்கலாம். இரண்டுமே நெகட்டிவ் என்றால் இந்த ஒட்டுண்ணியை உடல் இதுவரை சந்தித்ததே இல்லை. ஆனால் ஐஜிஎம் பாசிட்டிவ் என்பதை வைத்து 'புதுசு' என்று சொல்ல முடியாது.

அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. முதலாவது, டாக்சோபிளாஸ்மாவின் ஐஜிஎம் எல்லார் உடலிலும் சொன்னபடி இறங்கிப் போவதில்லை. சிலருக்கு ஒரு வருடம், அதற்கு மேலும்கூட ரத்தத்தில் நிற்கும். கல்யாணத்துக்கு முன்பே வந்து போன தொற்றின் ஐஜிஎம், உண்டான பிறகு எடுத்த ரத்தத்தில் தெரியலாம். இரண்டாவது, ஐஜிஎம் பரிசோதனை சில நேரம் ஆளை மாற்றிப் பிடித்துவிடும். மூட்டுவாதத்தில் வரும் ருமட்டாய்டு காரணி மாதிரி வேறு ஏதாவது ரத்தத்தில் இருந்தால், டாக்சோபிளாஸ்மாவே இல்லாமலும் பாசிட்டிவ் காட்டும். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1997-இலேயே, ஐஜிஎம் பரிசோதனைக் கிட்டின் முடிவை மட்டும் நம்பிக் கர்ப்பிணிகளுக்கு முடிவெடுக்க வேண்டாம் என்று மருத்துவர்களை எச்சரித்தது.

இந்த ஆள்மாறாட்டம் எவ்வளவு பெரிய குழப்பத்தைத் தரும் என்பதற்கு ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்க்கலாம். 1000 கர்ப்பிணிகளைச் சோதிக்கிறோம்; உண்மையில் புதுத் தொற்று உள்ளவர் 5 பேர் என்று வைத்துக்கொள்வோம். பரிசோதனை அந்த 5 பேரையும் தவறாமல் பிடிக்கிறது. மீதி 995 பேரில் 100-க்கு 2 பேரைத்தான் தவறாகப் பாசிட்டிவ் என்கிறது. கேட்க நல்ல பரிசோதனைதான். ஆனால் அந்த 2 சதவீதமே 20 பேர். ஆக 25 பெண்கள் பாசிட்டிவ் ரிப்போர்ட்டோடு வீட்டுக்குப் போவார்கள். அதில் 5 பேருக்குத்தான் தொற்று. அரிதான ஒன்றைத் தேடும் எந்தப் பரிசோதனைக்கும் இந்தச் சிக்கல் உண்டு. கிட் மட்டமானது என்பதால் வருவதல்ல இது.

இனி அந்த மதினிக்குச் சொன்ன உவமைக்கு வருகிறேன். அவர் வீட்டுக்காரர் நாட்டுப்படகு வைத்திருக்கிறார், அதனால் உடனே பிடித்துக்கொண்டார்.

தண்ணீரில் கிடந்த வள்ளத்தைக் கரையேற்றிக் கவிழ்த்தால் அடியில் கொட்டலசு என்ற ஓடுள்ள சின்னக் கடலுயிர் ஒட்டியிருக்கும். இந்த வள்ளம் எத்தனை நாள் தண்ணீரில் கிடந்தது என்று கேட்டால், எத்தனை கொட்டலசு இருக்கிறது என்று எண்ணிச் சொல்ல முடியாது. சில இடத்தில் ஒரே வாரத்தில் அப்பிக்கொள்ளும். ஆனால் சுரண்டிப் பார்த்தால் தெரியும். புதுசாக ஒட்டியது விரல்பட்டாலே உதிரும். பழசு கத்தி போட்டாலும் அசையாது.

எதிர்ப்பொருளுக்கும் இந்தச் சுரண்டல் சோதனை உண்டு. ஆங்கிலப் பெயரில் அவிடிட்டி என்போம், தமிழில் பிடிமானம் என்று சொல்லலாம். ஐஜிஜி எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பதோடு விடாமல், அது ஒட்டுண்ணியின் புரதத்தை எவ்வளவு இறுக்கமாகப் பிடித்திருக்கிறது என்று பார்ப்பது. 1989-இல் ஃபின்லாந்து ஆய்வாளர்கள் டாக்சோபிளாஸ்மாவுக்கு இந்த வழியைக் காட்டினார்கள்.

செய்முறையும் எளிதுதான். சின்னக் குழிகள் உள்ள பிளாஸ்டிக் தட்டில் ஒட்டுண்ணியின் புரதத்தைப் பூசியிருப்பார்கள். அதில் நோயாளியின் சீரத்தை, அதாவது ரத்தம் உறைந்த பிறகு மேலே தெளியும் நீரை, இரண்டு குழிகளில் விடுவோம். ஐஜிஜி போய் ஒட்டிக்கொள்ளும். ஒரு குழியைச் சாதாரணக் கரைசலால் கழுவுவோம். இன்னொன்றை யூரியா கலந்த கரைசலால் கழுவுவோம். வயலுக்குப் போடுகிற அதே யூரியாதான், லேபுக்கென்று சுத்தப்படுத்தியது. யூரியா பிடியைத் தளர்த்தும். லேசாகப் பிடித்திருந்தவை கழன்று போகும்; இறுகப் பிடித்தவை நிற்கும். கடைசியில் நிறம் வரச் செய்து, இரண்டு குழியின் நிற அடர்த்தியையும் கருவியில் அளப்போம். சாதாரணக் குழி 1.20 காட்டி, யூரியாக் குழி 0.84 காட்டினால் 70 சதவீதம் நின்றுவிட்டது, பிடிமானம் அதிகம். யூரியாக் குழி 0.24 என்றால் 20 சதவீதம்தான் நின்றது, பிடிமானம் குறைவு. எத்தனை சதவீதத்துக்கு மேல் அதிகம் என்பது கிட்டுக்குக் கிட் மாறும். ஆகவே ஒரு லேபின் எண்ணை இன்னொரு லேபின் எண்ணோடு ஒப்பிடக் கூடாது.

ஓரிடத்தில் என் கொட்டலசு உவமை பொருந்தாது. கொட்டலசு அதே கொட்டலசாக இருந்து இறுகுகிறது. எதிர்ப்பொருள் அப்படி இறுகுவதில்லை. தொற்று வந்த பிறகு, எதிர்ப்பொருள் செய்யும் அணுக்கள் நெறிகளுக்குள் பெருகும்போது ஒவ்வொன்றும் தன் அச்சைக் கொஞ்சம் கொஞ்சம் மாற்றிப் பார்க்கிறது. கிருமியை நன்றாகப் பிடிக்கிற அச்சு உள்ள அணு பிழைக்கிறது, மற்றவை சாகின்றன. இப்படிப் பல வாரம் நடக்கும் தேர்வில், தொடக்கத்தில் வந்த அரைகுறை ஐஜிஜி போய், கச்சிதமாகப் பொருந்தும் ஐஜிஜி அந்த இடத்தை நிரப்புகிறது. அந்தத் தேர்வுக்குக் காலம் பிடிப்பதால்தான் பிடிமானத்தில் காலம் பதிகிறது. எத்தனை முறை யோசித்தாலும் எனக்கு இது அதிசயமாகவே இருக்கிறது. நமக்குத் தெரியாமல் நம் நெறிகள் ஒரு நாள்காட்டி வைத்திருக்கின்றன.

இனி முக்கியமான கணக்கு. டாக்சோபிளாஸ்மாவில் பிடிமானம் அதிகம் என்று வந்தால், தொற்றி குறைந்தது நான்கு மாதம், அதாவது 16 வாரம் ஆகிவிட்டது என்று பெரும்பாலான கிட்டுகளில் எடுத்துக்கொள்ளலாம். இதை ரத்தம் எடுத்த வாரத்திலிருந்து கழித்துப் பாருங்கள். 10-ஆம் வாரத்தில் எடுத்த ரத்தத்தில் பிடிமானம் அதிகம் என்றால், தொற்று கர்ப்பத்துக்கு முந்தியது. கேள்வி அங்கேயே முடிந்தது. அதே முடிவு 28-ஆம் வாரத்தில் எடுத்த ரத்தத்தில் வந்தால்? 28-இல் 16 போனால் 12. தொற்று 12-ஆம் வாரத்துக்கு முன்னால் நடந்தது என்று மட்டும் சொல்லலாம். அது கர்ப்பத்துக்கு முன்னாலா, இல்லை 5-ஆம் வாரத்திலா என்று அந்த ரத்தத்துக்குத் தெரியாது. பரிசோதனை ஒன்றுதான், ரத்தம் எடுத்த நாள் தள்ளிப்போனதால் பதில் நழுவிவிட்டது. மூன்று மாதத்துக்குள் எடுத்த ரத்தம் அவ்வளவு மதிப்புள்ளது. அப்போது எடுத்த சீரம் லேபில் உறைநிலையில் மிச்சம் இருக்கிறதா என்று விசாரிப்பதும் நல்லது. இருந்தால் இன்றைக்கும் அதில் பிடிமானம் பார்க்கலாம்.

பிடிமானம் குறைவு என்று வந்தால் என்ன அர்த்தம்? இங்கேதான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். குறைவு என்றால் புதுசு என்று அர்த்தமில்லை. சிலருடைய உடலில் அந்தத் தேர்வு மெதுவாக நடக்கும். ஒரு வருடம் கழித்தும் பிடிமானம் குறைவாகவே காட்டலாம். இடையில் மருந்து சாப்பிட்டிருந்தால் இன்னும் தாமதமாகும். அதிகப் பிடிமானம் 'சமீபத்தில் இல்லை' என்று கதவைச் சாத்தும். குறைந்த பிடிமானம் கதவைத் திறந்து வைக்கும், அவ்வளவுதான்.

அப்படிக் கதவு திறந்திருக்கும்போது இரண்டு மூன்று வாரம் கழித்து இன்னொரு முறை ரத்தம் எடுக்க வேண்டும். முதல் ரத்தத்தையும் இரண்டாவதையும் ஒரே லேபில், ஒரே நாளில், ஒரே தட்டில் வைத்துச் சோதிக்க வேண்டும். ஐஜிஜி அளவு பல மடங்கு ஏறியிருந்தால் தொற்று இப்போதுதான் கிளம்புகிறது. ஏறாமல் அப்படியே நின்றால் உச்சம் தாண்டி நாளாகிவிட்டது. முதல் ரத்தத்தில் ஐஜிஎம் மட்டும் பாசிட்டிவாக இருந்து ஐஜிஜி இல்லையென்றாலும் இதே வழிதான். உண்மையான தொற்றென்றால் அதற்குள் ஐஜிஜி வந்தே தீரும். வரவில்லை என்றால் அந்த ஐஜிஎம் பொய்.

புதுத் தொற்றுதான் என்று உறுதியானாலும் கலைப்பு அடுத்த படி அல்ல. குழந்தைக்குப் போகாமல் தடுக்க ஸ்பைராமைசின் என்ற மருந்து கொடுப்பார்கள். 18 வாரம் தாண்டிய பிறகு பனிக்குட நீரை எடுத்து, ஒட்டுண்ணியின் மரபணு அதில் இருக்கிறதா என்று, மரபணுவைப் பெருக்கிக் கண்டுபிடிக்கும் பிசிஆர் பரிசோதனையில் பார்க்கலாம். இருந்தால் அதற்கு வேறு மருந்துகள் உண்டு. இவை மகப்பேறு மருத்துவர் பார்த்து முடிவு செய்ய வேண்டியவை. திண்ணையில் பேசித் தீர்க்கும் விஷயமல்ல.

ஒன்றைச் சொல்லாமல் போனால் மனசு கேட்காது. இரண்டு மூன்று முறை கரு கலைந்த பெண்களுக்கு டார்ச் எடுத்து, ஐஜிஜி பாசிட்டிவ் என்று வந்ததும் 'இதுதான் காரணம்' என்று சொல்லி அனுப்புவதைப் பார்த்திருக்கிறேன். பழைய டாக்சோபிளாஸ்மா அடுத்தடுத்துக் கருவைக் கலைக்காது. அந்தப் பெண் பூனை வளர்த்ததால்தான் எல்லாம் என்று வீட்டில் பழி கேட்டுக்கொண்டிருப்பாள். உண்மையான காரணத்தைத் தேட வேண்டிய மாதங்கள் வீணாகப் போகும்.

எல்லா ஒட்டுண்ணிக்கும் இதே சோதனை பொருந்துமா என்றால், பொருந்தாது. ராமேஸ்வரம் தீவுக்கு மலேரியா பழைய பகை. காய்ச்சலுக்கு விரலில் குத்தி அட்டையில் பார்க்கிறார்களே, அது எதிர்ப்பொருளைத் தேடுவதில்லை, ஒட்டுண்ணியின் புரதத்தையே தேடுகிறது. அதிலும் ஒரு வகைப் புரதம், நோய் குணமான பிறகும் சில வாரம் ரத்தத்தில் நிற்கும். மலேரியாவின் எதிர்ப்பொருளோ எப்போதோ வந்த காய்ச்சலைக்கூட நினைவு வைத்திருக்கும், அதனால் இன்றைய காய்ச்சலுக்கு அது உதவாது. ஆனால் மலேரியாவில் விவாக்ஸ் என்ற வகை ஈரலில் பதுங்கிக் கிடந்து மாதங்கள் கழித்து எழும். அப்படிப் பதுக்கி வைத்திருப்பவர்களைத் தேட, எட்டுப் புரதங்களுக்கு எதிரான எதிர்ப்பொருள்களைச் சேர்த்து அளந்து, கடந்த 9 மாதத்துக்குள் தொற்றியதா என்று கணிக்கும் ஒரு முறையை 2020-இல் வெளியிட்டார்கள். கேள்வி அதே 'எப்போது'தான். விடை தேடும் வழி வேறு.

பாம்பன் பெண்ணின் கதைக்கு வருகிறேன். மருத்துவர் எழுதிக் கொடுத்து, பிடிமானப் பரிசோதனைக்கு ரத்தத்தை வெளியூர் அனுப்பினோம். பிடிமானம் அதிகம் என்று வந்தது. 9 வார ரத்தம், 16 வாரப் பழைய தொற்று. சிலேட்டில் எழுதுவது போலக் காகிதத்தில் கழித்துக் காட்டினேன். அந்தப் பெண் அப்போதுதான் முதல் தடவையாக வாயைத் திறந்தார்: "அப்ப பூனைய வெரட்ட வேணாமாக்கா?"

வேண்டாம் என்றேன். அவருக்கு இனி அந்தப் பூனையால் பயமில்லை.

மதினிக்கும் கல்யாணமாகி இரண்டு வருடம், பிள்ளைக்காகக் காத்திருக்கிறார். தனக்கும் பார்க்கச் சொன்னார். இரண்டும் நெகட்டிவ். "எனக்கு ஒண்ணும் இல்லைல்ல" என்று சந்தோஷமாக ரிப்போர்ட்டை மடித்தார். அவரை உட்காரவைத்து, கவனமாக இருக்க வேண்டியது நீங்கள்தான் என்று சொல்ல வேண்டியிருந்தது. அவர் உடல் இந்த ஒட்டுண்ணியை இன்னும் பார்க்கவில்லை. உண்டான பிறகு முதன்முதலாகப் பார்க்கக் கூடாது. ஊருணித் தண்ணீரைக் கொதிக்க வைத்துத்தான் குடிக்க வேண்டும், குளோரின் போட்டால் இந்த உறைக்கரு சாகாது. கறியை உள்ளே சிவப்பு இல்லாமல் வேகவிட வேண்டும். கருவாடு காய்கிற மணலில் கைவைத்து வேலை செய்தால் சோப்புப் போட்டுக் கழுவிய பிறகே சாப்பாட்டைத் தொட வேண்டும். பூனையின் மலத்தை வேறு யாராவது தினமும் அள்ளிப் போடட்டும், ஒரு நாள் தாண்ட விடாமல். அப்புறம், நாள் தள்ளிப்போனதும் இந்த நெகட்டிவ் ரிப்போர்ட்டை மருத்துவரிடம் கொண்டுபோய்க் காட்டச் சொன்னேன். பின்னால் எப்போதாவது பாசிட்டிவ் வந்தால், எந்தத் தேதி வரை அவருக்குத் தொற்று இல்லை என்பதற்கு அந்த ஒரு தாள்தான் சாட்சி.